நான் அச்சிடாத வரி

கிரியாட்டினின், நார்மல் அளவு: 0.6 முதல் 1.4 வரை. என் லேபிலிருந்து போன ஒவ்வொரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டிலும் இந்த ஒரே வரிதான் இருந்தது. ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான், நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அதுதான். அது தவறு என்று எனக்குத் தெரியும். பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன். லேப் திறந்தபோதே தெரியும்.

கிட் பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்திருந்த தாளில் தெளிவாகவே போட்டிருந்தது: ஆண்களுக்கு 0.7 முதல் 1.4, பெண்களுக்கு 0.6 முதல் 1.2. ரிப்போர்ட் தாள் அடிக்கக் கொடுத்த அச்சகத்தில், சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், கொலஸ்ட்ரால், பிலிருபின் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான் இடம் வரும் என்றார்கள். நான் அங்கேயே நின்றபடி பேனாவால் இரண்டு வரியையும் ஒன்றாக்கிக் கொடுத்தேன். பெண்ணின் கீழ் எல்லையை எடுத்துக்கொண்டேன். ஆணின் மேல் எல்லையை எடுத்துக்கொண்டேன். சிறுநீரகம் கெடும்போது கிரியாட்டினின் ஏறத்தான் செய்யும். ஆகவே ஒரு பெண்ணை எச்சரிக்கக்கூடிய எண் அந்த 1.2தான். நான் அடித்துவிட்டது சரியாக அதைத்தான்.

இடமில்லை என்பதும் முழு உண்மை இல்லை. அதே அச்சகத்தில், அதே நாளில், ஹீமோகுளோபின் தாளுக்கு ஆண், பெண் என்று இரண்டு வரி போட்டு வாங்கி வந்தேன். ஹீமோகுளோபின் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும் என்று ஊரில் எல்லா டாக்டர்களும் கவனிப்பார்கள். ஒரே வரி போட்டால் கேட்டிருப்பார்கள். சிறுநீரகத்துக்கு யாரும் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

கிரியாட்டினின் சிறுநீரகத்தில் உண்டாகும் பொருள் அல்ல. தசையில் இருக்கும் கிரியாட்டின் அன்றாடம் ஏறக்குறைய ஒரே சீராகச் சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளுகிறது. 1886-ல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர் காரத்தில் கலந்த பிக்ரிக் அமிலத்தோடு அது ஆரஞ்சு நிறம் கொடுப்பதைக் கண்டு சொன்னார். என்னைப் போன்ற சிறிய லேப்காரர்கள் அந்த ஆரஞ்சு நிறத்தைத்தான் இன்றுவரை அளந்துகொண்டிருக்கிறோம். நிறத்தின் அடர்த்தி சொல்வது இரண்டு விஷயங்களின் கூட்டு: தசை எவ்வளவு தருகிறது, சிறுநீரகம் எவ்வளவு கழிக்கிறது. பெண்ணுக்குச் சராசரியாகத் தசை குறைவு, ஆகவே உள்ளே வருவது குறைவு. குழாயில் தண்ணீர் கொஞ்சமாக வரும் வீட்டில் சாக்கடை பாதி அடைத்தாலும் முற்றத்தில் தண்ணீர் தேங்காது. பெண்ணின் ரத்தத்தில் கிரியாட்டினின் இப்படித்தான் நம்மை ஏமாற்றும்.

எண்ணாகச் சொன்னால் உறைக்கும். வடிகட்டும் வேகத்தை மதிப்பிட இன்று உலகம் முழுக்கப் பயன்படும் சி.கே.டி-எபி சூத்திரத்தில், 2021-ல் திருத்தப்பட்ட வடிவத்தில், 52 வயதையும் நான் அச்சிட்ட மேல் எல்லையான 1.4 என்ற அளவையும் போட்டுப் பாருங்கள். ஆண் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 மில்லி. பெண் என்றால் 45. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். அதாவது அந்தப் பெண் நோயாளி. என் தாள் அவரை நார்மல் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பும்.

இந்தச் சூத்திரம் புதிது, எங்களுக்கு எப்படித் தெரியும் என்று வாதாடவும் வழியில்லை. காக்ராஃப்ட், கால்ட் என்ற இரண்டு கனடா நாட்டு மருத்துவர்களின் சூத்திரம் 1976-லேயே வந்துவிட்டது. டிப்ளமோ படிக்கும்போது மனப்பாடம் செய்திருக்கிறேன். வயது, எடை, கிரியாட்டினின் மூன்றையும் போட்டுக் கணக்கிட்டு, பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். அந்த 0.85-க்குப் பின்னால் இருந்த குறையை ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். அவர்கள் கணக்குப் போட்டது 249 பேரை வைத்து. ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். பெண்ணுக்கு 15 சதவீதம் குறைத்தது அளந்து கண்டதல்ல, தசை குறைவாக இருக்கும் என்ற அனுமானம். அவர்களாவது ஒரு அனுமானத்தைச் செய்தார்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அண்ணனின் மனைவி. எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நான் பள்ளி மாணவன். லேப் வைக்க முன்பணம் போதாமல் நின்றபோது தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். வருடத்துக்கு ஒருமுறை, சில வருடம் இரண்டு முறை, வாசல் வேலை முடித்து வெறும் வயிற்றோடு லேபுக்கு வருவார். ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். "தம்பி, ரிப்போர்ட் எப்படி இருக்கு?" என்று கேட்பார். "எல்லாம் நார்மல்தான் அண்ணி" என்பேன். அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையை வேண்டும்போதெல்லாம் போட்டுக்கொண்டார். சிறுநீரகம் தளர்ந்தவர்கள் தொடவே கூடாத மாத்திரை அது. கிரியாட்டினின் 1.1-லிருந்து 1.2 ஆனது, பிறகு 1.3 ஆனது. 1.4-ஐத் தாண்டினால்தான் தடித்த எழுத்தில் வரும், தாண்டவில்லை, வரவில்லை. அவருடைய 52-ம் வயதில் வந்த அந்த 1.3-ஐச் சூத்திரத்தில் போட்டால் 49. அதே வயதில் அதே 1.3 என் அண்ணனுக்கு வந்திருந்தால் 66. ஒரே தெருவில், ஒரே வீட்டில், ஒரே எண். ஒருவர் கவனமாக இருந்தால் போதும், இன்னொருவர் நோயாளி.

ரத்தத்தில் நடந்தது இது என்றால், சிறுநீரில் நான் செய்தது இன்னும் மோசம். மைக்ரோஸ்கோப்பில் அவருடைய ஸ்லைடில் எப்போதும் சிவப்பணுக்கள் தெரியும். ஒரு பார்வைப் பரப்பில் ஐந்து, ஆறு. பெண்ணின் சிறுநீரில் சிவப்பணு தெரிந்தால் மாதவிலக்கின் கலப்பாக இருக்கும் என்று எழுதிவிடுவது எங்கள் தொழிலில் பழக்கம். நானும் எழுதினேன். அண்ணிக்குக் கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது. அறுவைக்கு முந்தைய பரிசோதனைகளைச் செய்து கொடுத்ததே நான்தான். அதற்குப் பிறகு வந்த ரிப்போர்ட்டுகளிலும் என் கையெழுத்துக்கு மேலே அதே குறிப்பு இருக்கிறது. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை.

அந்தக் குடும்பத்தில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியாமலும் இல்லை. அண்ணியின் கூடப்பிறந்த தம்பிக்கு இளம் வயதிலேயே காது மந்தம், மெஷின் வைத்திருந்தார். முப்பது வயதுக்குள் கிட்னி போய் இறந்தார். பாடையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவர்களுடைய அம்மா கடைசிக் காலத்தில் கால் வீங்கி, முகம் வீங்கிப் போனார், வயசாயிடுச்சு என்றார்கள். அண்ணியின் மகனுக்குச் சின்ன வயதில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். என்னிடம்தான் கொண்டு வருவார்கள். கிருமி இருக்கிறதா என்று பார்ப்பேன், இருக்காது. இரண்டு நாளில் நிறம் தெளிந்துவிடும், மறந்துவிடுவோம். பள்ளியில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, கவனக்குறைவு என்று வாத்தியார்கள் குறை சொன்னார்கள். காது, சிறுநீர், தாய்மாமன். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் போதும். மூன்றையும் அறிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான்.

அவனுக்கு 24 வயதில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. பெரிய நகரத்தில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் தொடங்கியது. மாற்றுச் சிறுநீரகம் வேண்டும் என்றதும் யாரும் கேட்பதற்கு முன்பே அண்ணி முன்வந்தார். "எனக்கு எல்லாம் நார்மல்தான் டாக்டர், எங்க கொழுந்தனார் லேப்லயே வருஷா வருஷம் பாக்குறாரு" என்று சொல்லியிருக்கிறார். தானம் கொடுப்பவருக்குச் செய்யும் பரிசோதனைகள் ஆரம்பித்தன. சிறுநீரில் ஆல்புமின். டி.டி.பி.ஏ. ஸ்கேனில் வடிகட்டும் வேகம் அவருடைய வயதுக்கு இருக்க வேண்டியதில் பாதியளவு. டாக்டர் அண்ணனிடம் கேட்டார்: "இவங்களுக்கு இதுக்கு முன்னாடி கிரியாட்டினின் பாத்ததே இல்லையா?" அண்ணன் பிளாஸ்டிக் உறையிலிருந்து என் ரிப்போர்ட் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நானும் அந்த அறையில் இருந்தேன். டாக்டர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த நார்மல் அளவு ஆண்களுடையது, என் தப்பு என்று சொல்ல அதுதான் நேரம். சொல்லாமல் இருந்தேன்.

மரபணுப் பரிசோதனையில் நோயின் பெயர் தெரிந்தது: ஆல்போர்ட் நோய். லண்டனில் பணியாற்றிய செசில் ஆல்போர்ட் என்ற மருத்துவர் 1927-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரில் ரத்தம், காது மந்தம். ஆண்கள் இளமையில் சாகிறார்கள், பெண்கள் முதுமைவரை வாழ்கிறார்கள் என்று அவர் கண்டார். அவர் கண்டது சரி. ஆனால் அந்த அவதானிப்பின் மேல் நின்றுகொண்டு, பெண்களுக்கு ஒன்றும் ஆகாது, அவர்கள் நோயைக் கடத்துகிறவர்கள் மட்டும்தான் என்று மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் இருந்துவிட்டது. இது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

நடப்பது என்னவென்றால், சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிக்கும் மெல்லிய சவ்வு ஒருவகைக் கொல்லாஜன் இழைகளால் ஆனது. அதில் ஓர் இழைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. 1990-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். அதே கொல்லாஜன் உள்காதிலும் உண்டு, அதனால்தான் காதும் போகிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் பிழை இருந்தால் சவ்வு முழுவதும் பிழை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆனால் இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து வேலை செய்வதில்லை. கரு உருவாகும் தொடக்கத்திலேயே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை முடக்கிவிடுகிறது, எதை என்பது தற்செயல். எலிகளை வைத்து மேரி லயன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இதை 1961-ல் சொன்னார். ஆகவே அண்ணியின் சிறுநீரகத்தில் ஓரிடத்தில் சவ்வு நன்றாக இருக்கும், பக்கத்திலேயே பிய்ந்திருக்கும். எந்தப் பங்கு அதிகம் என்பது பெண்ணுக்குப் பெண் மாறும். அக்காவுக்கு ஒன்றுமில்லாமல் தங்கைக்கு டயாலிசிஸ் வரைக்கும் போகலாம்.

ஐரோப்பியக் குடும்பங்களைத் தொகுத்து 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று இதை எண்ணில் காட்டியது. 40 வயதுக்குள் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் ஆண்களில் 90 சதவீதம், பெண்களில் 12 சதவீதம். வயது ஏற ஏறப் பெண்களின் விகிதமும் ஏறுகிறது. 60-ஐத் தாண்டும்போது ஏறத்தாழ 30 சதவீதம். இந்தப் பிழையுள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிறுநீரில் சிவப்பணு தெரியும். நான் மாதவிலக்கு என்று எழுதியது அதைத்தான். 2018-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று, இந்தப் பெண்களையும் நோயாளிகளாகவே கருதிக் கவனிக்க வேண்டும் என்று வகைப்பாட்டை மாற்றியது. 1927-லிருந்து 2018 வரை எத்தனை வீடுகளில் எத்தனை அம்மாக்கள்!

எக்ஸ் குரோமோசோமின் விளையாட்டு இந்த ஒரு நோயோடு முடிவதில்லை. ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தையும் கட்டுப்படுத்தும் அமைப்பில் ஏ.சி.இ-2 என்ற நொதியின் மரபணுவும், ஆஞ்சியோடென்சின் இரண்டாம் வகை ஏற்பியின் மரபணுவும் எக்ஸில்தான் இருக்கின்றன. முடக்கப்பட்ட எக்ஸிலும் சில மரபணுக்கள் முடக்கத்துக்குத் தப்பி இயங்குகின்றன. லூபஸ் நோயில் பத்தில் ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கு அது ஒரு காரணம் என்கிறார்கள். கூடுதலாக ஓர் எக்ஸுடன் பிறக்கும் ஆண்களுக்கும் லூபஸ் ஆபத்து மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கி இருபது வயதுப் பெண்களைப் படுக்கையில் தள்ளுவதை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், பொதுவாகச் சிறுநீரக நோய் வந்த பின் அது ஆண்களில் வேகமாக முற்றுகிறது, மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களில் மெதுவாகப் போகிறது. ஈஸ்ட்ரோஜன் காப்பதும் டெஸ்டோஸ்டிரோன் கெடுப்பதும் விலங்குகளில் காட்டப்பட்டிருக்கின்றன. இவ்வளவு வேறுபாட்டையும் பிறவியிலேயே சுமந்து வரும் இரண்டு உடல்களுக்கு நான் ஒரே வரி போட்டேன்.

மரபணு ரிப்போர்ட் வந்த அன்று எனக்கு வந்த முதல் உணர்ச்சி துக்கம் இல்லை. நிம்மதி. இதை எழுதுவதற்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும். பரம்பரை நோய், பிறக்கும்போதே எழுதியாயிற்று, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். மரபணுவை மறைப்பாக்கிக்கொண்டு அதன் பின்னால் நின்றேன். யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். ராமிப்ரில் போன்ற மலிவான மாத்திரைகளை முன்கூட்டியே தொடங்கினால் இந்த நோயில் டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போடலாம் என்று 2012-லேயே ஐரோப்பியப் பதிவேட்டின் முடிவுகள் வெளிவந்திருந்தன. அண்ணி வலி மாத்திரையை நிறுத்தியிருப்பார். பையனின் காதை யாராவது சோதித்திருப்பார்கள். நோயைத் தந்தது மரபணு. நேரத்தைத் தின்றது நான்.

இதைவிட ஒரு பெரிய தவறு இருக்கிறது. அது அண்ணியோடு முடியாதது. என் லேபுக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் அதே வரிதான் போயிருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கியபோது இடப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. பெயரைப் பதியும்போதே வயதும் பாலும் கேட்கிறது, வரியை மாற்றப் பத்து நிமிட வேலை. புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் பெண் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "சார், கிட்ல ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கே, நாம ஏன் ஒண்ணா போடுறோம்?" "அதெல்லாம் டாக்டருக்குத் தெரியும்மா, விடு" என்றேன். மாற்றினால் இத்தனை நாள் ஏன் மாற்றவில்லை என்று யாராவது கேட்பார்களே என்ற பயம். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

கர்ப்பிணிகளை நினைத்தால் இன்னும் பதறுகிறது. கர்ப்பத்தில் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் கூடும், கிரியாட்டினின் 0.5 அளவுக்கு இறங்கிவிடும். கர்ப்பிணிக்கு 0.9 வந்தாலே விசாரிக்க வேண்டும். நான் 1.1-ஐக்கூட ஒன்றும் குறிக்காமல் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாக்களில் யாருக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. ஏனென்றால், அந்தப் பெரிய மருத்துவமனையிலிருந்து திரும்பிய மாதத்திலேயே, கம்ப்யூட்டருக்கு முந்தைய பதிவேடுகள் எல்லாவற்றையும் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டேன். அலமாரி நிறைந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். காரணம் அதுவல்ல. அவற்றைத் திறந்து பார்க்க வேண்டிவரும் என்பதுதான் காரணம். இவ்வளவு காலத் தொழிலில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் இது.

கம்ப்யூட்டரில் இருந்ததை மட்டும், வெகுநாள் கழித்து, உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களின் அளவுகளைச் சூத்திரத்தில் போட்டேன். 60-க்குக் கீழே பெயர் பெயராக வந்தது. எதிலும் தடித்த எழுத்து இல்லை. இருந்த எண்களுக்குப் போன் செய்தேன். சிலர் எடுத்தார்கள், இலவசமாக மறுபடி பார்க்கிறேன், வாருங்கள் என்றேன். சிலர் வந்தார்கள். சில வீடுகளில் மகன் எடுத்து, அம்மா காலமாயிட்டாங்க என்றார். எதனால் என்று கேட்கும் துணிவு வரவில்லை.

உலகம் முழுக்க நாள்பட்ட சிறுநீரக நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. டயாலிசிஸ் தொடங்குகிறவர்களிலோ ஆண்களே அதிகம். பெண்ணுக்கு நோய் மெதுவாக முற்றுவது ஒரு காரணம் என்பதை ஏற்கிறேன். முழுக் காரணம் அதுவல்ல என்பது என் தீர்மானமான எண்ணம். நம் நாட்டில் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கொடுக்க வரும்போதுதான் பல பெண்களின் சிறுநீரகத்தை முதன்முதலாக யாரோ ஒழுங்காகப் பார்க்கிறார்கள். அண்ணிக்கும் அப்படித்தான் நடந்தது. மகனுக்குக் கொடுக்க முன்வந்திருக்காவிட்டால் என் ரிப்போர்ட் இன்னும் சில வருடம் நார்மல் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். கடைசியில் அண்ணன்தான் கொடுத்தார். ரத்த வகை பொருந்தியது, அவர் சிறுநீரகத்தில் குறையில்லை. பையன் இப்போது வேலைக்குப் போகிறான்.

அண்ணியிடம் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அண்ணன் வெளியே போயிருந்த ஒரு மாலையில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வரி, அச்சகம், மாதவிலக்குக் குறிப்பு, பழைய பதிவேடுகள், எதையும் விடவில்லை. என் அளவு அப்பவே ஏறியிருந்ததா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "தம்பி, அவனுக்குச் சின்ன வயசுல செவப்பா போச்சே, அதையும் நீங்கதானே பாத்தீங்க?" ஆமாம் அண்ணி என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. இப்போதும் வீட்டுக்குப் போனால் காபி கொடுக்கிறார், பிள்ளைகளை விசாரிக்கிறார். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் வேறு லேபுக்குப் போகிறார். அது சரிதான்.

என்னைப் போல் லேப் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டில் கிரியாட்டினினுக்கு ஒரே வரி இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். இரண்டு வரி போட்டாலும் போதாது, 1.1 என்ற அளவில் ஒளிந்திருப்பதை வரி காட்டாது. வயதும் பாலும் சேர்த்து வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டு அச்சிடுங்கள். அதற்கு ரீஏஜென்ட் செலவில்லை, மெஷின் செலவில்லை. கர்ப்பப்பை எடுத்த பெண்ணின் சிறுநீரில் சிவப்பணு கண்டால் கண்டபடி எழுதுங்கள், காரணத்தை நீங்களாகச் சேர்க்காதீர்கள். பழைய பதிவேடுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் வீட்டில், உறவில், காது மந்தத்தோடு சிறுநீரகமும் போன ஆண் யாராவது இருந்தால், அவருடைய அம்மாவையும் அக்கா தங்கைகளையும் மகள்களையும் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். இது எக்ஸ் வழியாக வரும் வகை என்றால், நோயுள்ள அப்பாவிடமிருந்து மகள் ஒவ்வொருத்திக்கும் அந்தப் பிழை போயிருக்கும். அம்மாவுக்கு எல்லாம் நார்மல் என்று ஒரு தாள் வீட்டில் இருந்தால், அதைக் கையில் எடுத்து, அந்த நார்மல் ஆணுக்கா பெண்ணுக்கா என்று கொடுத்தவரிடமே போய்க் கேளுங்கள்.